கண்ணாடியும் குறியும்



சில மாதங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் நின்றமையால், பத்தாம் வகுப்பில் ஒரு பாடவேளையை நான் நடத்த நேர்ந்தது. நானோ கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் என் துறைகள். வகுப்பில் அப்பொழுது நடந்துகொண்டிருந்த பாடம் இயல்பொத்த முக்கோணிகள். பாடத்தைத் தொடங்கிச் சில நிமிடங்கள் கூட ஆகவில்லை, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இந்த முக்கோணிகள் பரீட்சையை விட்டால் வேறெதற்கு உதவும்?" என்று கேட்டான். கேட்ட குரலில் குறும்பு இருந்தது. எனினும் கேள்வி நியாயமானது.

வரலாற்று நூல்களிற் கண்ட ஒரு படம் என் நினைவுக்கு வந்தது. கரும்பலகையில் ஒரு நேர்கோடு வரைந்தேன். அதன்மேல், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும் ஒரு வளைகோடு. வளைகோட்டின்மேல் 2, 4, 6, 8, 10 என்னும் எண்கள். நேர்கோட்டின்கீழ் 1.7 என்னும் ஓர் எண். "இது ரஷ்ய நாட்டுத் துப்பாக்கித் தொலைகாட்டி ஒன்றினுள்ளே தெரியும் கோலம். தூரத்தில் நிற்பவரின் பாதம் நேர்கோட்டிலும் தலை வளைகோட்டிலும் படும்படி கருவியை நகர்த்தினால், தலை எந்த எண்ணருகே தொடுகிறதோ, அத்தனை நூறு மீற்றர் தூரத்தில் அவர் நிற்கின்றார் என்பது பொருள். தூரம் இருமடங்கானால் தோன்றும் உயரம் பாதியாகும். இதுவே உங்கள் முக்கோணி" என்றேன். வகுப்பு வியந்தது. ஆனால் அதே மாணவன் மீண்டும் எழுந்தான். "சேர், 1.7 மீற்றர் என்பது எதனுடைய உயரம்?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. இன்றைய பேச்சின் முடிவில் அதற்குத் திரும்பி வருவேன். அதற்கு முன், அந்தக் கருவி எவ்வாறு உருவாயிற்று, அதன் தரம் எத்தகையது, அதன் அமைப்பிலே என்ன அறிவு பொதிந்துள்ளது என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

துப்பாக்கித் தொலைகாட்டி என்பது சிறு குழாயொன்றினுள் அடங்கிய வில்லைகளின் கூட்டம். முன்புறத்திலுள்ள பொருள்வில்லை தூரத்துப் பொருளின் விம்பத்தைத் தலைகீழாகக் குழாயினுள்ளே வீழ்த்துகின்றது. இடையிலுள்ள வில்லைகள் அதனை நிமிர்த்துகின்றன. கண்ணருகேயுள்ள பார்வைத்துண்டு அதனைப் பெருப்பித்துக் காட்டுகின்றது. விம்பம் விழும் தளத்திலேயே குறிக்கோடுகளும் அமைந்திருப்பதால், கண் ஒரே சமயத்தில் குறியையும் இலக்கையும் தெளிவாகக் காண்கின்றது. சாதாரணத் துப்பாக்கியிலே பின்குறி, முன்குறி, இலக்கு என்னும் மூன்றையும் ஒருங்கே கூர்ந்து நோக்க எந்தக் கண்ணாலும் இயலாது. அந்த இடரைத் தீர்ப்பதே தொலைகாட்டியின் முதற்பயன். பொருளைப் பெரிதாக்குதல் அதற்கு அடுத்ததே.

சொல்வது எளிது; செய்வது அரிது. குழாயும் திருகாணியும் எந்தப் பட்டறையிலும் கடையலாம். குமிழியும் கீறலும் நிறமுமில்லாத ஒளியியற் கண்ணாடியை உருக்கியெடுப்பதோ தனிக்கலை. உருக்கிய கண்ணாடியை மிக மெதுவாக ஆறவிடவேண்டும்; அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி விம்பம் கலங்கும். முதலாம் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டு வரை, ரஷ்யப் பேரரசு இந்தக் கண்ணாடிக்கு ஜேர்மனி முதலிய அயல்நாடுகளையே நம்பியிருந்தது. போர் மூண்டதும் ஜேர்மனி பகைநாடாயிற்று. கண்ணாடி வரும் வழியும் அடைபட்டது. கண்ணாடியில்லாத படை பாதிக் குருடு என்பதை அந்நாடு அப்பொழுதுதான் உணர்ந்தது. பெற்றோகிறாட் நகரில், அரண்மனைக்குப் பீங்கான் செய்துகொடுத்த தொழிற்சாலையிலேயே ஒளியியற் கண்ணாடி உருக்கும் முயற்சி தொடங்கியது. தேநீர்க் கிண்ணம் செய்த சூளை போர்க்கண்ணாடிக்கும் சூளையாயிற்று.

புரட்சிக்குப் பின், 1918ஆம் ஆண்டு டிசெம்பரில், திமித்ரி ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி என்னும் பௌதிக அறிஞரின் முயற்சியால் அரச ஒளியியல் நிறுவனம் அதே நகரில் நிறுவப்பட்டது. பஞ்சமும் உள்நாட்டுப் போரும் நாட்டை வாட்டிய வேளை அது. அத்தகைய வேளையிலே கண்ணாடி ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் அமைத்தமை தூரநோக்குடைய செயலென்றே சொல்லவேண்டும். 1920களின் முடிவிற்குள், ஒளியியற் கண்ணாடியை இறக்குமதி செய்யும் தேவை பெரும்பாலும் நீங்கியது.

ஆயினும், சொந்தக் கண்ணாடி இருந்தாற் போதாது; சொந்த அமைப்பும் வேண்டுமல்லவா? 1930களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்திற் செய்யப்பட்ட துப்பாக்கித் தொலைகாட்டிகள் ஜேர்மானிய அமைப்புகளைத் தழுவியவை. அவற்றுட் பெயர்பெற்றது பி.ஈ. என்பது. நான்கு மடங்கு பெருப்பிக்கும் அக்கருவி ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர் நீளமானது. பார்ப்பவர் தம் கண்ணுக்கேற்பத் தெளிவைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடும் முதலில் அதில் இருந்தது. நல்ல வசதிதான். ஆனால் அசையும் பகுதி உள்ள இடத்தில் இடைவெளி உண்டு. இடைவெளி உள்ள இடத்தில் ஈரம் புகும். ஆகவே பின்னர் வந்த பி.ஈ.எம். வகையில் அந்த ஏற்பாட்டையே நீக்கிவிட்டனர். ஒரு வசதியைக் கழித்து ஓர் உறுதியைப் பெற்றனர். ரஷ்ய அமைப்பின் இயல்பை விளக்கும் முதற் சான்றாக இதனைக் கொள்ளலாம்.

இரண்டாவது சான்று பி.யு. என்னும் கருவி. அந்த எழுத்துகள் ரஷ்ய மொழியிற் 'குறுக்கப்பட்ட குறிச்சாதனம்' என்னும் பொருளுடையவை. 1940ஆம் ஆண்டளவில், தோக்கரெவ் என்பவர் அமைத்த தானியங்கித் துப்பாக்கிக்கென இது வகுக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு முதல் பழைய மொசின் துப்பாக்கியிலும் பொருத்தப்பட்டது. இதன் நீளம் 17 சென்ரிமீற்றர் மாத்திரமே. எடை 300 கிராமுக்கும் குறைவு. பெருப்பம் மூன்றரை மடங்கு. கண்ணுக்கேற்பச் சரிசெய்யும் வளையம் இதிலும் இல்லை. குறிக்கோடுகளோ மூன்றே: கீழிருந்து எழும் கூர்முனைத் தூணொன்று, இருபக்கமும் இரு கோடுகள். மேலேயுள்ள உருளையில் 1 முதல் 13 வரை எண்கள். ஒவ்வோர் எண்ணும் நூறு மீற்றரைக் குறிக்கும்.

இக்கருவியிற் குறைகளும் இருந்தன. உருளையைத் திருகும்போது குறிக்கோடு விம்பத்தின் நடுவைவிட்டு விலகிச் செல்லும். பழகாத கண்ணுக்கு அது கோணலாகவே தோன்றும். மொசின் துப்பாக்கியிலே தொலைகாட்டி குழலின் நேர்மேலே அமைவதால், ஐந்து தோட்டாக்களை ஒருசேரத் தகட்டிலிருந்து தள்ளி நிரப்ப முடியாது, ஒவ்வொன்றாகவே இடவேண்டும். இவ்வளவு குறைகள் இருந்தும் இதனையே ஏன் பெருந்தொகையாகச் செய்தனர்? விடை எளிது. 1941ஆம் ஆண்டில் ஜேர்மானியப் படை உள்நாடு வரை நுழைந்துவிட்டது. மொஸ்கோவுக்கு அருகே கிறஸ்னகோர்ஸ்க்கில் இருந்த பெரிய ஒளியியற் தொழிற்சாலையை, இயந்திரங்களோடும் தொழிலாளரோடும் சைபீரியாவிலுள்ள நொவோசிபிர்ஸ்க் நகருக்குப் புகைவண்டியில் ஏற்றி அனுப்பினர். அத்தகைய காலத்தில் பாகங்கள் குறைந்த கருவியே செய்து முடிக்கக்கூடிய கருவி. கையிலே கிடைக்கும் சுமாரான கருவி, வரைபடத்திலே தங்கிவிட்ட சிறந்த கருவியிலும் மேலானது.

தொலைகாட்டியே வெற்றிக்குக் காரணமென்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 1939 – 40 குளிர்காலப் போரிலே ரஷ்யருக்கு எதிராக நின்ற பின்லாந்து வீரர் சிமோ ஹேஹா தொலைகாட்டியே இல்லாத துப்பாக்கியினாற் சுட்டுப் பெயர்பெற்றவர். கண்ணாடியிலே வெயில் பட்டு மின்னினால் ஒளிந்திருக்கும் இடம் வெளிப்பட்டுவிடும். மூச்சுப் பட்டாற் பனி படியும். தொலைகாட்டி வழியே நோக்கத் தலையையும் சற்று உயர்த்தவேண்டும். இக்குறைகள் எல்லா நாட்டுக் கண்ணாடிகளுக்கும் பொதுவானவை.

இனி மூன்றாவதும் முதன்மையானதுமான சான்றுக்கு வருவோம். 1963ஆம் ஆண்டில் யெவ்கெனி திரகுனோவ் என்பவர் அமைத்த துப்பாக்கி சோவியத் படையிற் சேர்க்கப்பட்டது. அதனோடு பிறந்த தொலைகாட்டியே பி.எஸ்.ஓ. ஒன்று. நான் கரும்பலகையில் வரைந்த கோலம் இதனுடையதே. நொவோசிபிர்ஸ்க் தொழிற்சாலை இதனைச் செய்தது.

இதன் பெருப்பம் நான்கு மடங்கு. பொருள்வில்லையின் விட்டம் 24 மில்லிமீற்றர். நான்கு மடங்குதானா என்று சிலர் வியப்பர். பத்து மடங்காகப் பெருப்பித்தால் இலக்கோடு கையின் நடுக்கமும் பத்து மடங்காகப் பெருகும். பார்வைப் பரப்போ சுருங்கும். நான்கு மடங்கில் ஆறு பாகை அகலம் கண்ணுக்குத் தெரிகின்றது. அதாவது, 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ பத்தரை மீற்றர் அகலமான காட்சி. மேலும், 24ஐ நான்கால் வகுத்தால் ஆறு. கண்ணை வந்தடையும் ஒளிவட்டத்தின் விட்டம் ஆறு மில்லிமீற்றர் என்பது அதன் பொருள். மாலை மயங்கும் வேளையில் இளைஞனொருவனின் கண்மணி ஏறத்தாழ அந்த அளவுக்கே விரிகின்றது. கண் ஏற்கக்கூடிய ஒளி முழுவதையும் கருவி கொடுக்கின்றது. அதற்கு மேற் கொடுத்தால் அது வீண். வகுத்தற் கணக்கொன்றிலே எத்துணை அறிவு அடங்கியிருக்கின்றது பாருங்கள்!

ஒளியைப் பற்றி இன்னுமொன்று. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும், விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு தெறித்து வீணாகின்றது. பன்னிரண்டு முகங்களைக் கடந்து வரும்போது நூற்றுக்கு அறுபது பங்களவே எஞ்சும். கண்ணாடியின் மேல் மெல்லிய படலமொன்றை ஏற்றி இந்த இழப்பைக் குறைக்கும் முறையை 1930களில் ஜேர்மனியில் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மக்குலாவும், லெனின்கிறாட்டில் கிறெபென்ஷிக்கோவ் என்னும் இரசாயன அறிஞரும் வளர்த்தனர். போரின் பின், 1946ஆம் ஆண்டில், ஜேர்மனியின் யேனா நகரிலிருந்து சைஸ் நிறுவன நிபுணர்கள் பலரைச் சோவியத் அரசு தன் நாட்டுக்குக் கொண்டுசென்றது. அவர்களுட் பெரும்பாலோர் விரும்பிச் சென்றவர்கள் அல்லர். ரஷ்யக் கண்ணாடியின் தரத்தைப் புகழ்பவர்கள் இந்த உண்மையையும் மறைக்கலாகாது.

பி.எஸ்.ஓ. ஒன்றின் உள்ளே ஈரமற்ற நைதரசன் வாயு அடைக்கப்பட்டுள்ளது. ஆகவே குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்தாலும் உள்ளே பனி படிவதில்லை. இருளிற் குறிக்கோடுகள் தெரியும்படி சிறு மின்குமிழ் ஒன்று உண்டு. கடுங்குளிரில் மின்கலம் சோர்ந்துபோகும் என்பதை அறிந்து, மின்கலத்தைச் சட்டைப்பையின் சூட்டில் வைத்துக்கொண்டு நீண்ட கம்பியால் இணைக்கும் மாரிகால ஏற்பாடு ஒன்றையும் உடன் வழங்கினர். பகைவர் செந்நிறக்கீழ்க் கதிர் விளக்கினால் இருளில் நோக்குவதைக் காட்டிக்கொடுக்கும் சிறு திரையும் முதலில் இதில் இருந்தது. பின்னாளில், விளக்கில்லாமலே இருளிற் பார்க்கும் கருவிகள் வந்தபின், அத்திரை தேவையற்றதாகிப் புதிய வகைகளிலிருந்து நீக்கப்பட்டது. உதவாததைக் கழற்றிவிடுவதும் நல்ல அமைப்பின் இலக்கணமன்றோ?

இக்கருவி யாருக்காகச் செய்யப்பட்டது? தேர்ந்தெடுத்த நிபுணர் சிலருக்காக அன்று. காலாட்படையின் ஒவ்வொரு சிறு அணியிலும் ஒருவனிடம் இருக்கவேண்டிய கருவி இது. கட்டாய சேவைக்கு வந்த கிராமத்து இளைஞன், தடித்த கையுறையோடு, கணக்குப் போட நேரமில்லாத இடத்தில், இதனைக் கையாளவேண்டும். ஆகவே கணக்கைக் கருவியே போட்டுவைத்திருக்கின்றது. தூரத்தை வளைகோடு சொல்லும். உருளையை அந்த எண்ணுக்குத் திருப்பினால் ரவை விழும் தாழ்வுக்கு ஏற்பக் குறி உயரும். 1000 மீற்றரைக் கடந்தால், நடுக்குறியின்கீழ் உள்ள மூன்று சிறு கூர்க்குறிகள் 1100, 1200, 1300 மீற்றருக்கு உதவும். பக்கக்காற்றுக்கும் ஓடும் இலக்குக்கும் ஈடுசெய்ய, இருபுறமும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவிலே பிரிவுகள் உண்டு.

குறைகளும் உள. கண்ணைக் கருவியிலிருந்து ஏழு சென்ரிமீற்றருக்கும் குறைவான தூரத்திலே வைக்கவேண்டும். அதற்காகவே இறப்பர்க் குவளை ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அதிக உதைப்புள்ள வேறு துப்பாக்கியில் இது நெற்றியைப் பதம்பார்த்துவிடும். பக்கவாட்டிற் பொருத்தும் அமைப்பு ரஷ்ய வகைத் துப்பாக்கிகளுக்கே ஏற்றது. உருளையின் எண்கள் ஒரு வகைத் துப்பாக்கிக்கும் ஒரு வகை ரவைக்கும் ஏற்ப வெட்டப்பட்டவை. வேறொன்றிற் பொருத்தினால் எண்கள் பொய் சொல்லும். 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், இந்த வகைக் கருவிகள் மேல்நாட்டு வேட்டைக்காரர் கைகளுக்கும் சென்றன. அவற்றுட் பல ரஷ்யாவில் அன்றி, தனிநாடாகிவிட்ட பெலாரஸில் செய்யப்பட்டவை. மக்களோ எல்லாவற்றையும் ரஷ்யக் கண்ணாடி என்றே அழைத்தனர். உறுதியைச் சிலர் புகழ்ந்தனர். முரட்டு வேலையென்று சிலர் குறைகூறினர். இரு சாராரும் சொன்னது உண்மையே. நம் ஊர் மாட்டுவண்டியைக் கொழும்பு வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அது மெதுவாகச் செல்கின்றது என்று குறைகூறுவதா? எந்த நிலத்துக்கு, எந்தக் கைக்கு, எந்த வேலைக்குச் செய்தனர் என்று அறியாமல் ஒரு கருவியின் தரத்தை நிறுக்க முடியாது.

ஆகவே தரம் உயர்ந்தது என்று சொல்லி இப்பேச்சை முடித்துவிடலாம். ஆனால் அந்த மாணவனின் கேள்வி காத்திருக்கின்றதே.

1.7 மீற்றர் என்பது மனிதனுடைய உயரம். நடுத்தர உயரமுள்ள ஆள் ஒருவன் நிமிர்ந்து நின்றால் உள்ள அளவு. அந்த வகுப்பிலிருந்த பையன்களிற் சிலர் அந்த உயரத்தை எட்டிவிட்டனர். மற்றையோர் ஓரிரண்டு வருடத்தில் எட்டிவிடுவர். அதனை எண்ணித்தான் அன்று நான் தயங்கினேன். மரத்தின் உயரத்தையோ வீட்டின் உயரத்தையோ இக்கருவி அளவுகோலாகக் கொள்ளவில்லை. வேலை எதுவோ அதற்கேற்ற அளவுகோல். அமைப்பு நேர்மையானது, மிக நேர்மையானது. எதற்காகப் பிறந்தோம் என்பதை அது தன் நெற்றியிலேயே எழுதிவைத்திருக்கின்றது.

மறைந்திருந்து எய்வது முறையா என்னும் வாதம் தமிழருக்குப் புதிதன்று. வாலி வதையை வைத்து எத்தனை பட்டிமண்டபங்கள் கேட்டிருக்கின்றோம்! ஆயினும் போர் என்பது நமக்குப் பட்டிமண்டபப் பொருள் மாத்திரம் அன்று. 2009ஆம் ஆண்டு வரை இந்த நாடு கண்டவற்றை நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பதிவேட்டிற் பெயர் கூப்பிட்டு, விடை வராத காலைகளை என் வயதுடைய ஆசிரியர் பலர் அறிவர்.

அன்று அந்த மாணவனுக்கு உண்மையையே சொன்னேன். "அது ஓர் ஆளின் உயரம், தம்பி" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. பிறகு இன்னொரு கதையும் சொன்னேன். அதனையே உங்களுக்கும் சொல்லி விடைபெறுகின்றேன்.

1941ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். லெனின்கிறாட் நகரைப் பகைவர் நெருங்கிக்கொண்டிருந்தனர். நான் முன்னர் குறிப்பிட்ட அரச ஒளியியல் நிறுவனத்தைச் சேர்ந்தோர், வொல்கா நதிக்கு அப்பாலுள்ள யொஷ்கார் ஓலா என்னும் ஊருக்குப் புகைவண்டியில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் திமித்ரி மக்சுத்தோவ். அந்தப் பயணத்தில் அவர் சிந்தித்துக்கொண்டிருந்தது பாடசாலைப் பிள்ளைகளுக்கான வான்தொலைகாட்டி பற்றி. பிள்ளைகளின் கையில் ஆடி பழுதடையாதிருக்க முன்புறத்தை ஒரு கண்ணாடியால் மூடினால் என்ன என்று எண்ணினார். வெறுமனே மூடும் கண்ணாடியைப் பிறைபோல் வளைத்தால் விம்பத்தின் குறையையும் அதுவே தீர்க்கும் என்று கண்டார். இன்று உலகெங்கும் வானியல் ஆர்வலர் போற்றும் மக்சுத்தோவ் தொலைகாட்டி இவ்வாறு பிறந்தது.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே போர், ஒரே கண்ணாடிக் கலை. ஒரு புகைவண்டி துப்பாக்கிக் கண்ணாடி செய்யும் இயந்திரங்களை ஏற்றிச் சென்றது. இன்னொரு புகைவண்டியிலே ஒருவர் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்ட வழி தேடிக்கொண்டு சென்றார். கண்ணாடி இரண்டுக்கும் இணங்கியது. தூரத்தை அருகே கொண்டுவருவது மாத்திரமே அதற்குத் தெரியும். அருகே வந்ததை என்ன செய்வது என்பதைக் கற்பிப்பது எங்கள் பொறுப்பு. இயல்பொத்த முக்கோணிகளைக் கற்பிக்கும் அதே வகுப்பறையிலே அதனையும் கற்பித்தாகவேண்டும்.

பாடவேளை முடிந்து மணி அடித்தபின் அந்த மாணவன் என்னிடம் வந்தான். "சேர், எங்கள் பாடசாலையில் வான்தொலைகாட்டி இருக்கின்றதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். இப்பொழுது அதற்காக ஒரு நிதி சேர்க்கத் தொடங்கியுள்ளோம்.